ஆண் மூலிகை, பெண் கல்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மூலிகை, கல், உலோகம் வைத்துச் சின்னச் சடங்குகள் செய்யத் தொடங்கியபோது ஒரு நோட்டு போட்டேன். மேலைநாட்டு நாட்டுப்புற மாந்திரீகத்தில் வரும் பட்டியல்தான். தங்கம் சூரியனுக்கு, ஆண். வெள்ளி சந்திரனுக்கு, பெண். இரும்பு செவ்வாய், ஆண். செம்பு சுக்கிரன், பெண். சூடு, காரம், முள் இருந்தால் ஆண். குளிர்ச்சியும் ஈரமும் பெண். ரோஸ்மேரி ஆண், மல்லிகை பெண். மனப்பாடமே செய்துவிட்டேன்.

முதல் இடறல் ஹாலி (holly) என்ற மேலைநாட்டு மரத்தில். இலை விளிம்பெல்லாம் முள், குளிர்காலத்திலும் வாடாத பச்சை, தீயதை அண்டவிடாது என்ற நம்பிக்கை. அதனால் ஆண். ஒருநாள் பூத்திருந்த கிளையைக் கைலென்ஸில் பார்த்தேன். நாலு வெள்ளை இதழ், நடுவில் பச்சை மணிபோலச் சூலகம், சுற்றி மகரந்தத்தூளே இல்லாத மகரந்தத்தாள்கள். பெண் பூ! ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சிவப்புப் பழம் பெண் மரத்தில்தான் வரும். அதுவரை பழத்தோடு நான் கட்டித் தொங்கவிட்டதெல்லாம் பெண் மரத்துக் கிளை.

அப்புறம் உலோகங்களும் ஆட்டம் கண்டன. ஜெர்மன் மொழியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். லிதுவேனியர்களின் பழைய சமயத்தில் சூரியன் ஒரு பெண் தெய்வம். நாமே சந்திரனை 'அவன்' என்றுதானே சொல்கிறோம்? வெள்ளி மட்டும் எப்படிப் பெண்ணாகும்?

ஹாலிப் பக்கத்தில் 'ஆண்' என்பதை அடித்துவிட்டு 'முள், பச்சை, காவல்' என்று எழுதினேன். இப்போது கிளையைக் கையில் எடுத்தால் அந்தச் செடியே கண்ணில் படுகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

* * *

எனக்குக் கல்லில் நடந்தது. சூதுபவளம் சிவப்பு, நெருப்பு, ஆகவே ஆண் என்று படித்துவிட்டுத் துணிவுக்காகப் பையில் வைத்திருந்தேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கற்களைப் பற்றி எழுதியதில் நேர் எதிர்: ஒளி ஊடுருவும் இந்தக் கற்களில் சிவப்புக் கூடியது பெண், கருமை கூடியது ஆண். என்னிடமிருந்த இரண்டையும் விளக்கின்முன் பிடித்தேன். ஒன்று தணல் போல ஒளிர்ந்தது, மற்றது காய்ந்த ரத்த நிறம். துணிவுக்கு நான் எடுத்துப்போனது எப்போதும் அந்தத் தணலைத்தான்.

* * *

பெரணியும் அப்படித்தான். முரட்டு ஓலை கொண்டது ஆண் பெரணி, மென்மையானது பெண் பெரணி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் லத்தீனிலும் அதே பொருளில் பெயர் வைத்தார். ஆண் பெரணியின் வித்துத்தூளை ஈரமண்ணில் தூவி, கண்ணாடிக் குடுவையில் மூடிவைத்தேன். நகக்கண் அளவில் இதய வடிவப் பச்சைத் தகடுகள் முளைத்தன. அந்தத் தகடு ஒன்றிலேயே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உருவாகும்.