டெல்டா வாய்க்கால் மீன்களை 3 அடித் தொட்டியில் வளர்ப்பது: எவை சரிப்படும், எங்கிருந்து தொடங்குவது?

குடமுருட்டி

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம். கடையில் விற்கும் கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் எல்லாம் வேண்டாம், நம் வாய்க்காலில் கிடைக்கும் மீன்களை மட்டும் வைத்து ஒரு தொட்டி அமைக்க ஆசை.

தொட்டி: 36 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம், 6 மி.மீ. கண்ணாடி. இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. வீட்டில் போர் தண்ணீர்தான், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) 1100, பி.எச். (அமில–காரத் தன்மை) 8.2. குடிக்க ஆர்.ஓ. இருக்கிறது.

பக்கத்து வாய்க்காலில் கண்ணில் படுபவை: அயிரை, செல்லக்காசு, வாலடியில் கறுப்புப் புள்ளி உள்ள சின்னக் கெண்டை, தண்ணீர் மேல்மட்டத்திலேயே நிற்கும் தலையில் வெள்ளிப் பொட்டு உள்ள மீன், அப்புறம் செக்கச்சிவந்த குஞ்சுகள் கூட்டமாக.

கேள்விகள்: இந்தத் தண்ணீர் ஒத்துவருமா? எதையெல்லாம் சேர்த்துப் போடலாம்? பிடித்துவந்த மீன் ஒரு வாரத்தில் செத்துவிடும் என்கிறார்களே, ஏன்?

மதகடி

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மீனை முதலில் பிடித்துவிட்டுத் தொட்டியை அப்புறம் தயார் செய்வதால்தான் சாகிறது. மீன் கழிவில் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் கிடையாது. உங்கள் தண்ணீரில் இது இன்னும் மோசம்: 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது, 8.2 என்றால் சுமார் 11 பங்கு நச்சாக இருக்கும். அதே அளவு கழிவு, பத்து மடங்குக்கும் மேல் விஷம்.

அதனால் மீன் இல்லாமலே தொட்டியை ஓடவிடுங்கள். ஒரு சின்ன இறாலைத் துணியில் முடிந்து தொங்கவிட்டால் போதும், அழுகி அம்மோனியா கொடுக்கும். நாற்றம் பிடிக்காவிட்டால் தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் வாங்கி 3 நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தயார். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் 3 முதல் 5 வாரம். யாராவது நோயில்லாத பழைய தொட்டி வைத்திருந்தால் அவர்களின் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி ஊற்றுங்கள், காத்திருக்கும் நாளில் பாதி மிச்சம்.

தொட்டி: 6 மி.மீ. கண்ணாடி போதும், ஆனால் மேல் விளிம்பில் 2 அங்குல அகலக் கண்ணாடிப் பட்டி ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். அடியில் 12 மி.மீ. தெர்மாகோல். மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 120 கிலோவைத் தாண்டும், டீப்பாய் மேல் வைக்காதீர்கள்.

மணல்: சலித்த ஆற்று மணல், 2 அங்குல உயரத்துக்குச் சுமார் 22 கிலோ. அயிரை மணலுக்குள் புதையும் மீன். எம்-சாண்ட் போட்டால் அதன் கூர்முனை வயிற்றையும் மீசையையும் கிழிக்கும். கடல் மணல் வேண்டாம், சிப்பித் தூள் ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. 3 அங்குலத்துக்கு மேல் மணல் போட்டால் அடியில் கறுத்து அழுகல் முட்டை நாற்றம் வரும்.

தண்ணீர்: போர் ஒரு பங்கு, ஆர்.ஓ. ஒரு பங்கு கலந்தால் டி.டி.எஸ். 550–600க்கு வரும். நீங்கள் சொன்ன மீன்களுக்கு அது போதும், அதற்கும் கீழே இறக்க மெனக்கெட வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை ஊற்றக் கூடாது. வீணாகிறதே என்று பலர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம்.

ஃபில்டர்: இரண்டு ஸ்பாஞ்சு ஃபில்டர், பேட்டரி உள்ள ஏர் பம்ப். மின்வெட்டில் பம்ப் நின்றால் மூச்சுத் திணறல் மட்டுமில்லை, ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவும் செத்துவிடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள். ஹீட்டர் தேவையே இல்லை.

சேற்றுமீன்

மதகடி அண்ணன் தொட்டியைச் சொல்லிட்டார், நான் மீனுக்கு வர்றேன். ஊருக்கு ஊர் பேர் மாறும், அதனால அறிவியல் பேரையும் சேர்த்துக்கறேன்.

முதல்ல அந்தச் செக்கச்சிவந்த குஞ்சு. அது விரால் குஞ்சு. அழகா இருக்கேன்னு அள்ளிட்டு வந்துடாதீங்க. கொஞ்ச நாள்ல சிவப்பு போய் உருமாறிடும், 2 அடிக்கு மேல வளரும், தொட்டியில வாய்க்கு அடங்குற எல்லாத்தையும் தின்னும். தாய் தகப்பன் ரெண்டும் கீழேயே காவல் நிக்கும், கையைவிட்டா பாய்ஞ்சு கடிக்கும்.

வாலடிப் புள்ளிக் கெண்டை: அந்தப் புள்ளியை மட்டும் நம்பாதீங்க. குளத்துல விடற மிர்கால் குஞ்சுக்கும் வாலடியில கறை இருக்கும், அது கிலோக் கணக்குல வளர்ற மீன். செவுள் பக்கம் ஒண்ணு, வால் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு புள்ளி இருந்து, உடம்பு குட்டையா உயரமா இருந்தா பெத்தியா டிக்டோவா இருக்க வாய்ப்பு அதிகம். அதுதான் உங்க தொட்டிக்குத் தங்கம். 8 போடுங்க. ரெண்டு மூணு போட்டா ஒண்ணை ஒண்ணு விரட்டி துடுப்பைக் கிழிச்சுக்கும்.

தலையில வெள்ளிப் பொட்டு உள்ளது அப்லோகைலஸ். கொசுப்புழு தின்னும், 6 போடலாம். கோயில் குளத்துல விட்டிருக்கற கம்பூசியாவும் கொசுப்புழு தின்னும்தான், ஆனா அது வெளிநாட்டு மீன், மத்ததோட வாலைக் கடிச்சே கொன்னுடும். அடையாளம்: கம்பூசியாவுக்குத் தலையில பொட்டு இருக்காது, பெண்ணுக்கு வயிறு பருத்துக் கடைசியில கறுப்பா இருக்கும், குட்டி போடும்.

அயிரை 6. பகல்ல மணலுக்குள்ள மூஞ்சி மட்டும் தெரியும்.

செல்லக்காசு, அதாவது எட்ரோப்ளஸ் மாகுலேட்டஸ்னு பழைய புத்தகத்துல இருக்கறது, கடையில ஆரஞ்சு குரோமைடு. 8 செ.மீ. வளரும், உங்க கடினத் தண்ணி அதுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா ஜோடி சேர்ந்து முட்டை போட்டா தொட்டியில பாதியைப் பட்டா போட்டுக்கும், மத்ததெல்லாம் ஒரு மூலையில ஒதுங்கணும். 3 அடிக்கு ஒரு ஜோடிதான். இல்லேன்னா செல்லக்காசை மட்டுமே 6 வெச்சு தனித் தொட்டி பண்ணுங்க, என் ஓட்டு அதுக்குத்தான். முட்டைக்கு விசிறுறதும் குஞ்சை மேய்க்கிறதும் பார்க்க வேற மீனே வேண்டாம்.

வேண்டாதது: ஜிலேபி (குஞ்சுக்கு முதுகுத் துடுப்போட பின்பக்கம் கறுப்புப் பொட்டு), கெளுத்தி, குரவை, உளுவை. தேளி வேண்டவே வேண்டாம், பக்கவாட்டு முள்ளுல விஷம். வலையில மாட்டினா கையால எடுக்காதீங்க. குத்திட்டா தாங்கற அளவு சுடுதண்ணியில கையை வெச்சுட்டு டாக்டரைப் பாருங்க. கண்ணாடி மீன்ல நீளமானது ஒண்ணு உண்டு, சாண்டா நாமா. மத்த மீனோட செதிலைக் கொத்தித் தின்னும். காரணமே தெரியாம மீனுக்கெல்லாம் செதில் உதிருதுன்னா இது உள்ள இருக்கான்னு பாருங்க.

உப்புக்கல்

தனிமைத் தொட்டியை, அதாவது பிடித்த மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் தனியே வைத்து நோய் பார்ப்பதை, யாரும் சொல்லவில்லையே. கடை மீனைவிட வாய்க்கால் மீனுக்கு அது அவசியம். 30 லிட்டர் பிளாஸ்டிக் டப், பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஓடிய ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், ஒளிய பி.வி.சி. குழாய்த் துண்டு நான்கு. மணல் வேண்டாம். 4 வாரம்.

பார்க்க வேண்டியவை:

நங்கூரப் புழு. உடம்பிலிருந்து நூல் போல நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் சிவந்த புண். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்து, புண்ணில் போவிடோன் அயோடின் தொட்டு வைக்கவும், செவுளில் படக் கூடாது. ஒரு புழுவை எடுத்ததும் முடிந்துவிடாது, தண்ணீரில் அதன் குஞ்சுகள் இருக்கும். 4 வாரம் என்று சொல்வது அதற்காகத்தான்.

மீன் பேன். தட்டையாக, வட்டமாக, கண்ணாடி போல இருக்கும், நகரும். மீன் கல்லில் உரசிக்கொண்டு திடீர் திடீரெனப் பாயும். இதையும் சாமணத்தால் எடுக்கலாம். முட்டையைக் குழாயிலும் டப்பின் சுவரிலும் ஒட்டும், அதனால் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள்.

கரும்புள்ளி. மிளகைத் தூவியதுபோல் தோலில் புள்ளிகள். பயப்படாதீர்கள், மருந்தும் போடாதீர்கள். அந்த ஒட்டுண்ணி சுற்று முடிக்க நத்தையும் மீன் தின்னும் பறவையும் வேண்டும். தொட்டிக்குள் மீனுக்கு மீன் தொற்றாது.

வெண்புள்ளி. வெள்ளை ரவை போல. கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம், 30 லிட்டருக்கு 60 கிராம், இரண்டு நாளில் மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றவும். அயிரை இருந்தால் லிட்டருக்கு 1 கிராமோடு நிறுத்துங்கள்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் நல்லது, லிட்டருக்கு 2 மி.கி. 60 மி.கி.யை நிறுக்க முடியாது. 1 கிராமை 1 லிட்டரில் கரைத்து அதில் 60 மி.லி. ஊற்றுங்கள். மருந்து தண்ணீரில் இருக்கும் 4 மணி நேரமும் ஸ்பாஞ்சு ஃபில்டரை வெளியே தனி வாளியில் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா காலி.

மதகடி

உப்புக்கல் சொன்ன மற்றதெல்லாம் சரி, பெர்மாங்கனேட்டில் மட்டும் உடன்பாடில்லை. பி.எச். 8.2 தண்ணீரில் அது மாங்கனீசு டை ஆக்சைடாகப் பிரிந்து செவுளில் படியலாம். ஏற்கெனவே மிரண்டு வந்த மீனுக்கு அது வேண்டாத வேலை. செடிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: வாய்க்காலில் எடுத்த வேலம்பாசி, வாலிஸ்னேரியாவை லிட்டருக்கு 10 மி.கி. கரைசலில் 10 நிமிடம் முக்கி, நன்றாக அலசிவிட்டு நடுங்கள். செடியோடு தும்பி இளம்புழு வந்துவிட்டால் சின்ன மீனை ஒவ்வொன்றாகக் காலி செய்யும், ஒவ்வொரு தண்டையும் உதறிப் பாருங்கள்.

உப்புக்கல்

கடினத் தண்ணீர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. குடமுருட்டி, உங்களுக்கு உப்பும் சாமணமும் போதும், பெர்மாங்கனேட்டை விடுங்கள். தண்ணீர் மென்மையாக உள்ளவர்களுக்கு நான் சொன்ன அளவு பொருந்தும்.

குடமுருட்டி

எல்லோருக்கும் நன்றி. தொட்டியை ஓடவிட்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். தண்ணீர் பால் போலக் கலங்கியிருக்கிறது, மாற்றவா? தீவனம் எது? வாய்க்கால் மீன் கடைத் தீவனத்தைத் தின்னாது என்கிறார்கள்.

சேற்றுமீன்

மாத்தாதீங்க. புதுத் தொட்டியில பாக்டீரியா பெருகுற கலங்கல், சில நாள்ல தானா தெளியும். தினம் தினம் மாத்தினா தினம் தினம் கலங்கும்.

தீவனம்: முதல் வாரம் உயிர்த் தீவனம் மட்டும். கொசுப்புழு, டாஃப்னியா (தண்ணிப் பூச்சி), பொடியா நறுக்கின மண்புழு. 5 நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான் கொசுப்புழு, மிச்சம் விட்டா வீட்டுக்குள்ள கொசுப் பண்ணை. ரெண்டாவது வாரம் வேகவெச்ச இறாலைத் துருவி நடுவுல குடுங்க. மூணாவது வாரம் அந்த இறாலோடவே நுணுக்கின குருணைத் தீவனத்தைக் கலந்து போடுங்க. டிக்டோ சீக்கிரம் பழகும், அப்லோகைலஸ் மிதக்கற தீவனம்னாதான் திரும்பியே பார்க்கும். அயிரைக்கு விளக்கை அணைச்ச பிறகு மூழ்குற குருணை, மேல போடறதெல்லாம் அதுகிட்ட வந்து சேராது. டியூபிஃபெக்ஸ்னு கடையில விக்கற சிவப்பு நூல் புழு வேண்டாம், சாக்கடையில எடுக்கறது.

அயிரை சரேல்னு மேல வந்து ஒரு வாய் காத்து குடிச்சுட்டுப் போகும். அது இயல்பு. டிக்டோ மேலயே நின்னு வாயைத் திறந்து திறந்து மூடினா இயல்பில்ல, உடனே ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் பாருங்க.

வடிகால்வாய்

பிடிப்பதைப் பற்றி. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். மூடிய பிறகு வாய்க்கால் வற்றி, மதகடிப் பள்ளங்களில் தேங்கும் மீன்தான் தொட்டிக்கு உகந்தது; தண்ணீர் வராவிட்டால் எப்படியும் கொக்குக்கும் வெயிலுக்கும்தான் போகும். புதுத்தண்ணீர் வரும்போது பிடிக்காதீர்கள், பல மீன்கள் முட்டையோடு ஏறி வரும் நேரம் அது. மருந்தடித்த வயலின் வடிகால் பக்கம் இரண்டு வாரத்துக்குப் போக வேண்டாம்.

தூண்டில் வேண்டாம், வாய் கிழிந்த மீன் தின்னாது. கொசுவலைத் துணியை இரண்டு கம்பில் கட்டி, காலை வெயில் ஏறும் முன் இருவர் இழுத்தால் போதும். வலையை முழுக்கத் தூக்காமல், மீன் தண்ணீரிலேயே இருக்கும்போது குவளையால் மொண்டு எடுங்கள், செதில் உதிராது. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் பாதித் தண்ணீர், அதில் 8 சின்ன மீனுக்கு மேல் வேண்டாம், பேட்டரி ஏர் பம்ப், வெளியே ஈரச் சாக்கு. வீட்டுக்கு வந்ததும் காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தனிமை டப் தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக வாளியில் இறக்கி, பிறகு மீனை மட்டும் எடுத்து டப்பில் விடுங்கள். வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது.

குளம், ஏரி என்றால் மீன் பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். சரணாலயம், காப்புக்காட்டு ஓடை பக்கம் போகவே கூடாது, வழக்காகிவிடும். தாமிரபரணியில் மட்டுமே உள்ள டாகின்சியா தாம்பிரபரணியை போன்ற அருகிவரும் மீன் வலையில் வந்தால் அங்கேயே விடுங்கள். அவை ஓடும் குளிர்ந்த நீர் மீன்கள், நம் மே மாத 32 டிகிரித் தொட்டியில் தாங்கவும் தாங்காது.

வளர்த்த மீன் வேண்டாமென்றால் திரும்ப வாய்க்காலில் விடாதீர்கள், தொட்டி நோயும் கூடவே போகும். கடையில் டேங்க் கிளீனர் என்று விற்கும் முள்தோல் மீன் இப்படி வீட்டிலிருந்து போய்த்தான் நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது. வளர்க்கும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோடையில் தண்ணீர் மட்டத்துக்கு மேல் சின்ன ஃபேன் வைத்தால் 2–3 டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்ததை ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள், போர் தண்ணீர் விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் 16 லிட்டர் மாற்றும்போதுதான் பாதிக்குப் பாதி கலவை. ஃபேனுக்காக மூடியைத் திறந்து வைத்தால் அந்த இடத்தில் கொசுவலை கட்டுங்கள். அப்லோகைலஸ் விரல் அகல இடுக்கு கிடைத்தாலும் குதித்துவிடும். காற்றுக் குழாய் நுழையும் ஓட்டையையும் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டால் அடைத்துவிடுங்கள்.