லேபாட்சி ஓவியத்தின் சிவப்பைத் துணியில் கொண்டுவர முடியுமா?

சிட்டம் (ஒயிட்பீல்டு, பெங்களூரு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள, 16ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்து லேபாட்சி வீரபத்திரர் கோயிலுக்கு இரண்டு முறை சென்று, கூரை ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அங்கே, கோயிலைக் கட்டிய உடன்பிறந்தாரான விருபண்ணரும் வீரண்ணரும் தம் பரிவாரத்தோடு நிற்கும் காட்சியில் தலையில் தெரியும் நீண்ட கூம்புத் தொப்பியையும், அதற்கேற்ற இடையாடையையும் என் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றுமுதல் என்னை விடவில்லை. என் தாத்தா ஆதாரப் பள்ளியில் படித்தபோது பயன்படுத்திய தக்களி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்) வீட்டில் இருந்ததால், கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தியின் பஞ்சை வரவழைத்து அதில் நூற்கத் தொடங்கினேன். அந்தப் பஞ்சின் இழை குட்டையானது. முறுக்கு சற்றுக் குறைந்தாலும் அறுந்துவிடும். எனவே ஆறு மாத உழைப்புக்குப் பிறகு ஒரே ஒரு சிறு சிட்டம் (நூற்கட்டு)தான் தேறியது. அது தொப்பியின் விளிம்புக் கயிற்றுக்கு மட்டுமே போதும் என்பதால், துணியைக் கைத்தறிக் கடையில் வாங்கிக்கொண்டேன்.

என் சிக்கல் சாயத்தில் இருக்கிறது. சிவப்புச் சாயம் தரும் சாயவேர் கிடைக்காததால், கிரந்திகெ அங்கடி என்று இங்கே அழைக்கப்படும் நாட்டு மருந்துக் கடையில், அதே போலச் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரும், ‘அளலெகாயி’ என்று கன்னடத்தில் கேட்டுக் கடுக்காயும் வாங்கினேன். 250 கிராம் துணிக்கு 50 கிராம் கடுக்காய்த் தூள், 40 கிராம் படிகாரம், 250 கிராம் மஞ்சிட்டி என்று அளந்து, எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில்தான் செய்தேன். மூன்று முறை செய்தும் ஓவியத்தில் கண்ட செம்மை வரவில்லை. மழையில் நனைந்த பழைய செங்கல்லைப் போன்ற ஒரு மங்கல் நிறமே வந்தது. எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர்தான் வருகிறது. எங்கே தவறுகிறேன் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அந்தக் காலத்து அரசவையினர் மேலாடை அணிந்தார்களா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

அவுரித்தொட்டி எழுதியது:

வணக்கம். உங்கள் அளவுகளில் பெரிய குறை எதுவும் இல்லை. எனக்கு ஐயம் தண்ணீரின் மேல்தான். குளியலறை வாளியின் உட்புறத்தில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் படிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டு கண்ணாடித் தம்ளர்களில், ஒன்றில் போர்வெல் தண்ணீரையும் மற்றொன்றில் வடிகட்டிய குடிநீரையும் எடுத்து, இரண்டிலும் அரைத் தேக்கரண்டி கடுக்காய்த் தூளைக் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருங்கள். குடிநீர் வெளிர்மஞ்சளாக இருக்க, போர்வெல் தண்ணீர் மட்டும் சாம்பலாகவோ கருநீலமாகவோ மாறினால் அதில் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

கடுக்காயில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப்பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். துணியில் எழுதுகோலால் ஓவியம் தீட்டும் காளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் கருங்கோடு வரைவதற்கு, இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்க வைத்து, அந்தக் கரைசலைக் கடுக்காய் ஏறிய துணியில் எழுதுகிறார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்வதை உங்கள் போர்வெல் கேட்காமலே செய்து கொடுத்திருக்கிறது! படிகாரத்தின் அலுமினியம் சாயத்தைத் தெளிவான சிவப்பாகப் பிடித்து நிறுத்தும். அதே இடத்தில் இரும்பும் புகுந்தால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும்.

அதற்காக ஆர்.ஓ. தண்ணீருக்குத் தாவிவிடாதீர்கள். வேர்ச் சிவப்புகளுக்குத் தண்ணீரில் சிறிது சுண்ணாம்புச் சத்து இருப்பது நல்லது, ஏனெனில் அலுமினியமும் கால்சியமும் கூடி நின்றால்தான் நிறம் ஆழமாகவும் நிலையாகவும் அமையும். காவிரிக் குழாய்த் தண்ணீர் எங்கேனும் கிடைத்தால் அதில் செய்து பாருங்கள்.

மேலும், சாயவேருக்கும் மஞ்சிட்டிக்கும் உறவு உண்டு என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. கடற்கரை மணலில் விளையும் சாயவேரில் அலிசாரின் என்னும் சிவப்புச் சாயப்பொருள் உண்டு, பர்புரின் என்னும் மற்றொரு சாயப்பொருள் இல்லை. மலைப்பகுதிக் கொடியான மஞ்சிட்டியில் பர்புரினும் மஞ்சிஸ்டின் என்னும் சாயப்பொருளும் மிகுந்திருப்பதால் சிவப்பு சற்று ஆரஞ்சுப் பக்கம் சாயும். தண்ணீரைத் திருத்தினாலும் அந்தச் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

கல்லும் துணியும் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் மிகச் சரியானது. ஆனால் கேள்வியின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நீங்கள் கூரையில் கண்டது ஓவியரின் சிவப்பு, சாயக்காரரின் சிவப்பு அன்று. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டும் ஓவியருக்குக் காவிக்கல், மஞ்சள் மண், விளக்குக்கரி போன்ற, சுண்ணாம்பைத் தாங்கும் சில நிறங்களே கைகொடுக்கும். லேபாட்சியில் காட்சிகளின் பின்னணியில் பரந்து கிடக்கும் செம்மையையும் ஆடைகளில் உள்ள செம்மையையும் அடுத்த முறை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரியும். அதைவிட வலுவான சான்று, அந்த ஓவியங்களில் நீலம் ஏறக்குறைய இல்லை என்பதுதான். அவுரி நீலம் தென்னாட்டுச் சாயத்தொழிலுக்குப் புதிதன்று. ஓவியத்தை மட்டும் நம்பினால், 16ஆம் நூற்றாண்டில் நீலத் துணியே இல்லை என்ற முடிவுக்கு அல்லவா வர வேண்டும்?

எனவே நிறத்துக்கு ஓவியத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஆடையின் கட்டு, கரையின் அகலம், பூ வேலையின் அமைப்பு ஆகியவற்றுக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. கோயில் தூண்களிலும் அதே வகைக் கொடியும் கட்டமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன.

தொப்பியின் பெயர் குல்லாயி. பாரசீகத்தின் ‘குலாஹ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் குல்லாவும் அதன் உறவுதான். 1520ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயர் பொன்னிழையில் ரோஜாப் பூ வேலை செய்த வெள்ளாடையும் ஜரிகைத் துணித் தொப்பியும் அணிந்து, வெறுங்காலோடு இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆகவே அரசரின் குல்லாயிக்கு வெறும் பருத்தி பொருந்தாது. பரிவாரத்தில் ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மேலாடையைப் பொறுத்தவரை, அவையில் ‘கபாயி’ என்னும் நீண்ட அங்கி அணியும் வழக்கம் இருந்தது. ஆனால் திருமலைக் கோயிலில் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புச் சிலையைப் பாருங்கள்: தலையில் உயர்ந்த குல்லாயி இருக்கிறது, மேலுடலில் அங்கி இல்லை. அவைக்கு அங்கி, சன்னிதிக்குத் திறந்த மார்பு. நீங்கள் எந்த இடத்துக்குரிய உடையைச் செய்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாஷிங் சோடா எழுதியது:

ஒரு சிறு குறிப்பு மட்டும். கைத்தறித் துணியில் கஞ்சியும், தக்களி நூலில் பஞ்சின் இயற்கை மெழுகும் இருக்கும். இரண்டையும் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அலசுங்கள். அந்தத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்குவதைப் பார்த்து வியப்பீர்கள். உலர்ந்த துணியில் ஒரு சொட்டு நீர் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உள்ளே இறங்க வேண்டும். அதற்கு முன்பு கடுக்காயைத் தொடாதீர்கள்.

சிட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தம்ளர் சோதனையை நேற்றிரவே செய்தேன். குடிநீர் மோர்மஞ்சளாகவே இருக்க, போர்வெல் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் எழுது மை கலந்தது போல் ஆகிவிட்டது. மூன்று முறை வீணானது மஞ்சிட்டியின் குற்றமில்லை என்பதில் ஓர் ஆறுதல். ஜெயநகரில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து இரண்டு கேன் காவிரித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன். சாயம் போடுவதற்குக்கூட காவிரி கேட்கும் தமிழன் என்று அவள் கேலி செய்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஓவியத்தின் சிவப்பை விட்டுவிடுகிறேன். சன்னிதியில் நிற்கும் பரிவார வீரர் ஒருவரின் உடை என்று வைத்துக்கொண்டதால் அங்கி தைக்கும் வேலையும் மிச்சம், தையல் தெரியாத எனக்கு அது பெரிய நிம்மதி. துணியைச் சோடாவில் கொதிக்க வைத்து அலசி, இன்று காலையில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். இதுவரை அது மஞ்சளாகவே இருக்கிறது.