பல்லாவரம் சார்னோக்கைட்: தீப்பாறையா, உருமாறிய பாறையா?

குவாரிவாசி:
தீப்பாறைதான், பாறைக்குழம்பு உறைந்து உண்டானது. கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இருக்கிறது. சென்னைப் பக்கமிருந்து போன கல். அதை வைத்துத்தான் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயர் சூட்டினார். இதனோடு சேர்ந்து கிடக்கும் பாறைகளில் சிலிக்கா மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை எல்லாமே ஒரே பாறைக்குழம்பு பிரிந்து உறைந்தவை என்று 1900இல் விரிவாகவே எழுதினார். சர்வதேச வகைப்பாட்டிலும் கிரானைட் குடும்பத்தில்தான் வருகிறது. அப்புறம் என்ன சண்டை?

நைஸ்_மணி:
இருக்கிறது சார். கர்நாடகத்தில் கப்பாளதுர்கா குவாரிக்குப் போய்ப் பாருங்கள். வெளிர் சாம்பல் நைஸ் பாறையில் (வெப்பமும் அழுத்தமும் பட்டு உருமாறியது) வரிவரியாகப் பட்டைகள் ஓடும். நடுநடுவே கருத்த திட்டுகள். திட்டுக்குள் நுழைந்ததும் வரி மங்கிக் காணாமல் போகும். அந்தத் திட்டுதான் சார்னோக்கைட். குழம்பு புகுந்திருந்தால் ஓரம் வெட்டினாற்போல் இருக்க வேண்டாமா? கரியமில வாயு மிகுந்த பாய்மம் விரிசல் வழியே ஏறியிருக்கிறது. அது வந்ததும் கல்லிலிருந்த நீர் வெளியேற, பயோட்டைட் என்ற மைக்காவும் குவார்ட்சும் வினைபுரிந்து, சார்னோக்கைட்டின் அடையாளக் கனிமமான ஹைப்பர்ஸ்தீன் பிறக்கிறது.

குவாரிவாசி:
கப்பாளதுர்காவைக் காட்டிப் பல்லாவரத்துக்குத் தீர்ப்பெழுதாதீர்கள். அங்கே திட்டுத் திட்டாக, இங்கே மலை மலையாக! இவ்வளவையும் வாயுவா மாற்றியது? கண்ட மேலோட்டின் ஆழத்தில் நீர் குறைந்த சூடான குழம்பு உறைந்தால் ஹைப்பர்ஸ்தீன் நேரடியாகவே படிகமாகும்.

நைஸ்_மணி:
படிகமானது சரி, அப்படியே இருந்ததா? பல்லாவரக் கல்லைப் புதிதாக உடைத்துப் பாருங்கள். எண்ணெய் தடவினாற்போல் மினுக்கம், நீலம் பாய்ந்த குவார்ட்ஸ். பிற்பாடு வெகுநேரம் வெந்த கல் அது. 1955இல் நிலவியலாளர் ஹோவியும் திட நிலையிலேயே மறுபடிகமான பாறை என்றார். 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம், கூடவே கிடக்கும் கருத்த பாறைகள் அதே குழம்பில் வந்தவை அல்ல என்றார். ஹாலண்டின் ‘ஒரே குழம்பு’ அங்கேயே உடைந்தது.

குவாரிவாசி:
ஹோவியைப் பாதியில் நிறுத்துகிறீர்களே. முதலில் ஆழத்தில் உறைந்த தீப்பாறை, மறுபடிகமானது பிறகு என்பதுதானே அவர் கட்சி?

செங்கல்பட்டான்:
இடையில் வருகிறேன். இரண்டு பேரும் ஒரே பெயரை வெவ்வேறு மலைக்குச் சொல்கிறீர்கள். கல்லிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் மணியை அறுத்துப் பார்த்தால் தெரியும். குழம்பில் வளர்ந்திருந்தால் உள்ளே வளையம் வளையமாக இருக்கும், பின்னால் வெந்திருந்தால் அதன் மேல் தனி விளிம்பு கட்டியிருக்கும். சென்னைப் பக்கத்துக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. இதற்கிடையில் எத்தனை முறை சூடேறியதோ!

நைஸ்_மணி:
அப்படியானால் கிரானைட் வரிசையில் வைத்தது கனிமத்தைப் பார்த்துத்தான், பிறப்பைப் பார்த்து அல்ல. குவாரிவாசி, அதையாவது ஒத்துக்கொள்வீர்களா?