சுவரில் போட்ட கோடு: மழையும் வெயிலும் மாறியதில் உங்கள் தொழிலில் என்ன செய்தீர்கள்?

அம்பத்தூர் கணக்கர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஷெட் சுவரில், முட்டிக்குச் சற்று மேலே, சிவப்பு பெயின்டில் ஒரு கோடு இருக்கிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரம் அது. காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் முதலாளி கொட்டாவி விடுவார். கோட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரை மணி நேரம் விடாமல் பேசுவார்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு மெஷின்களுக்கு அடியில் கான்கிரீட் மேடை கட்டினார். பேனல் போர்டு தோள் உயரத்துக்கு ஏறியது. "இனி இப்படி ஒரு மழையை என் பேரன்தான் பார்ப்பான்" என்றார். எட்டே வருஷத்தில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தது. மேடை மெஷின்களைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் ரேக்கின் கீழ்த்தட்டில் இருந்த டைகள், அதாவது போல்ட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுகள், அத்தனையும் துரு. கம்பிச் சுருள்களும் அப்படியே. என் டேலி கணக்கின் பேக்கப் பென் டிரைவ் மேஜையின் கீழ் டிராயரில் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதலாளியை உண்மையில் ஓட வைத்தது வெள்ளம் இல்லை, ஒரு படிவம். எங்கள் சரக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர், டன்னுக்கு எத்தனை யூனிட் கரண்ட், ஃபர்னஸுக்கு எவ்வளவு டீசல் என்று கேட்டு அனுப்பினார். இரும்பு, எஃகுச் சாமான்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து அங்கே இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். 2026 ஜனவரி முதல் உள்ளே போகும் சரக்கைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு இறக்குமதி செய்கிறவர் பணமே கட்ட வேண்டும். ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரே வாரத்தில் ஃபர்னஸுக்குத் தனி மீட்டர் மாட்டினோம். டை ரேக்கை மேலே தூக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை!

சர்வேயர்

காப்பீட்டு நஷ்டக் கணக்கெடுப்பு என் வேலை. வெள்ளம் வடிந்த ஷெட்டுக்குள் போனதும் முதலில் சேற்றுக் கோட்டைப் பார்ப்பேன், அப்புறம் ஸ்டாக் ரிஜிஸ்டர். பல இடங்களில் ரிஜிஸ்டரும் சேற்றுக்குள்தான் கிடக்கும்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, மதிப்பைக் குறைத்துக் காட்டுவது. 40 லட்சம் சரக்குக்கு 20 லட்சம் பாலிசி. பாலிசி பாதி மதிப்புக்குத்தான் என்பதால் நஷ்டத்திலும் பாதிதான் கிடைக்கும்: நஷ்டம் 10 லட்சம் என்றால் கைக்கு வருவது ஐந்துதான், அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு போக. 2021 ஏப்ரலிலிருந்து, மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருக்கும் தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. அதில் மதிப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். பாதிக்குப் பாதி குறைத்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. முன்பெல்லாம் "எங்கள் ஏரியாவில் தண்ணீரே நிற்காது சார்" என்று புயல், வெள்ளப் பாதுகாப்பையே எடுத்துவிட்டு பிரீமியத்தில் மிச்சம் பிடித்தவர்களும் உண்டு. 2015க்குப் பிறகு அவர்களில் சிலரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தூத்துக்குடி உப்பளத்துக்காரர்

உங்களுக்காவது சுவரில் கோடு இருக்கிறது. எங்களுக்குச் சரக்கே மிஞ்சவில்லை.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அம்பாரம் அம்பாரமாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் மண் மூட்டை வைத்திருந்தோம். மழை மேலிருந்துதானே வரும் என்ற நினைப்பு. அன்றைக்குக் காட்டுத்தண்ணீர் அடியில் வந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் தார்ப்பாய் கிழியாமல் அப்படியே இருக்கிறது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. உள்ளே உப்பு இல்லை.

இப்போது அக்டோபருக்குள் முக்கால்வாசியைத் தள்ளிவிடுகிறோம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் உப்பு விலை ஏறும்வரை காத்திருந்து விற்பதுதான் எங்கள் லாபமே. சித்திரை, வைகாசியில் கோடைமழை ஒன்று அடித்தாலும் போச்சு. உப்பின் அடர்த்தி 25 டிகிரி (போமே அளவு) வரை ஏறிய பாத்தித் தண்ணீர் இறங்கிவிடும், திரும்ப முதலிலிருந்து காய வைக்க வேண்டும்.

அம்பத்தூர் கணக்கர்

அண்ணாச்சி, அம்பாரத்தை மேட்டில் போட வழியில்லையா?

தூத்துக்குடி உப்பளத்துக்காரர்

மேட்டுக்கு எங்கே தம்பி போவது, கடல் தண்ணீர் ஏற வேண்டுமே! ரோட்டோரமாக மண் அடித்து இரண்டு அடி உயர்த்தியிருக்கிறோம். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற கூலி தனி.

அம்பத்தூர் கணக்கர்

சர்வேயர் சார் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். மெஷின்களுக்குப் போட்டிருப்பது 2011இல் வாங்கிய விலை. நாளைக் காலை டீ நேரத்தில் முதலாளியிடம் காட்டப் போகிறேன். பென் டிரைவ் இப்போது என் வீட்டு பீரோவில். வீடு இரண்டாவது மாடி.