விசாரணை இல்லாமல் சொந்தக் குடிமகனைக் கொல்வது: உங்கள் அனுபவம் என்ன?

2012 மார்ச்சில் இங்கே அமெரிக்காவில் எனக்கு ஜூரி ட்யூட்டி வந்தது; குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்காரும் கடமை. வீடு புகுந்து திருடியதாக ஓர் இளைஞர் மேல் வழக்கு. 12 பேர் இரண்டு நாள் ஓர் அறையில் உட்கார்ந்து மல்லுக்கட்டினோம். அவர்தான் எடுத்தார் என்றே எனக்குப் பட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா சொன்னார்: "எனக்கும் அப்படித்தான் தோணுது. தோணுறதை வச்சு ஒருத்தரை உள்ளே தள்ள முடியாதே." விடுவித்தோம்.

அதே வாரம்தான் அப்போது அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த எரிக் ஹோல்டர் சிகாகோவில் பேசினார். உரிய சட்ட நடைமுறை வேறு, நீதிமன்ற நடைமுறை வேறு என்றார்; அதாவது நீதிமன்றம் போகாமலேயே அரசு தன் குடிமகனைக் கொல்ல முடியும். அவ்லாகி விஷயத்தில் நடந்தது அதுதான். அன்வர் அல் அவ்லாகி நியூ மெக்சிகோவில் பிறந்த அமெரிக்கர்; அல் காய்தாவுக்கு ஆதரவாகப் பேசிவந்த மதப் பேச்சாளர். 2011 செப்டம்பர் 30 அன்று ஏமனில் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவர் மேல் இங்கே எந்த நீதிமன்றத்திலும் பயங்கரவாத வழக்கு இல்லை. மகன் பெயர் அரசின் கொலைப் பட்டியலில் இருக்கிறது என்று அவருடைய அப்பா முன்கூட்டியே வழக்குப் போட்டிருந்தார். 2010 டிசம்பரில் நீதிபதி ஜான் பேட்ஸ் தள்ளுபடி செய்தார். வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கரை ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும், கொல்ல மட்டும் வேண்டாமா என்ற கேள்வியை அவரே தீர்ப்பில் எழுப்பினார். எழுப்பிவிட்டும் தள்ளுபடிதான். அவ்லாகியின் பேச்சுகள் எனக்கு அருவருப்பு. ஆனால் ஒரு திருட்டு வழக்குக்குக் கிடைத்த அந்த இரண்டு நாள் ஓர் உயிருக்குக் கிடைக்கவில்லையே என்பது இன்றும் ஆறவில்லை.

—

மேலே எழுதியவருக்கு. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமான நிலையத்தில் அக்காவுக்காகக் காத்திருந்தேன். அவர் வந்தது வேறு விமானம். உள்ளாடையில் வெடிமருந்தோடு ஒருவன் ஏறிய விமானமும் அன்று அங்கேதான் இறங்கியது. அவனை ஏவியது அவ்லாகி என்று அரசு சொன்னது. 2011இல் செய்தி வந்தபோது, ஒளிவாக ஏன் சொல்ல வேண்டும், நிம்மதியாக இருந்தது. ஏமன் மலைக்குள் யார் போய்க் கைது செய்வது என்று வீட்டில் வாதாடினேன்.

பிறகு ஒருநாள் அக்காதான் கேட்டார்: "குண்டைக் கட்டிக்கிட்டு வந்தவனையே கோர்ட்ல நிறுத்தி ஆயுள் தண்டனை கொடுத்தாங்களேடா. அப்போ ஆதாரத்தை வெளியே வைக்க முடிஞ்சுதே?" பதில் சொல்லத் தெரியவில்லை.

அவ்லாகி இறந்து இரண்டே வாரத்தில், அப்பாவைத் தேடிப்போன 16 வயது மகன் அப்துல்ரஹ்மானும் இன்னொரு தாக்குதலில் செத்தான். டென்வரில் பிறந்த பையன். அவன் குறி இல்லை என்று 2013இல் ஹோல்டர் காங்கிரசுக்கு எழுதினார். பிறகு குறி யார் என்பதை அந்தக் கடிதம் சொல்லவில்லை. அப்போது என் மகனுக்கும் 16.