யூஎஸ்பி வயர் 30 மீட்டர் தாங்கமாட்டேங்குது, கேமராவுக்கு ஃபைபர் போடலாமா?

பித்தளை_வெளிச்சம்:

வணக்கம் நண்பர்களே. பெங்களூர் பீன்யா செகண்ட் ஸ்டேஜ்ல ஒரு ஷெட்டு வாடகைக்கு எடுத்து ப்ராடக்ட் ஃபோட்டோ பண்றேன், முக்காவாசி பித்தளையும் எவர்சில்வரும்தான், குத்துவிளக்கு, சொம்பு, அண்டா, சிக்பேட் பக்கத்து பாத்திரக்கடைகளுக்கு கேட்டலாக். பித்தளை எடுத்தவங்களுக்கு தெரியும், புளி போட்டு தேச்சு வச்ச சொம்புல எதிர்ல என்ன இருந்தாலும் விழும், என் சட்டை கலர் கூட வயித்துப் பக்கத்துல கோடா தெரியும். அதனால செட்ட சுத்தி கருப்புத்துணி கட்டிட்டு மானிட்டர், கடைக்காரர், நான் எல்லாருமே மாடில இருக்கற கண்ணாடி ரூமுக்கு போயிட்டோம், கேமரா மட்டும் கீழ. அங்க இருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் வயர் ஓடற தூரம் 30 மீட்டர்.

கேமரா நிக்கான் டி750. 10 மீட்டர் ரிப்பீட்டர் யூஎஸ்பி வயர் (சிக்னல நடுவுல திரும்ப ஏத்தி அனுப்பற வயர்) 3 வாங்கி ஒண்ணோட ஒண்ணு மாட்டியிருக்கேன். காலைல நல்லாத்தான் ஓடும். பக்கத்து ஷெட்ல கிரில் வெல்டிங் ஆரம்பிச்சாங்கன்னா போச்சு, ஸ்க்ரீன்ல கேமரா கனெக்ட் ஆகலன்னு வந்துடும், நான் படி இறங்கி துணிய விலக்கி கழட்டி மாட்டணும், கை பட்டு கேமரா ஒரு நூல் நகந்தா மறுபடி ஃபிரேம் வைக்கணும். போன வாரம் ஒரே நாள்ல 11 தடவ. கடைக்காரர் பெரிய மனுஷன், ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் முகம் கொடுக்க முடியல.

வைஃபையும் பாத்துட்டேன், இந்த கேமராவுக்குள்ள இருக்கற வைஃபை போனுக்கு ஜேபெக் அனுப்பத்தான் சரி, எனக்கு ரா (கேமரா பதப்படுத்தாம தர்ற மூல ஃபைல்) வேணும். இப்ப ஆன்லைன்ல 30 மீட்டர் ஃபைபர் யூஎஸ்பி 3 வயர்னு ஒண்ணு வருது, கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சமா டேட்டா போறது, விலை கொஞ்சம் ஜாஸ்தி. வாங்கிடவா? யாராவது போட்டிருக்கீங்களா?

கோரமங்களா_கார்த்தி:

ப்ரோ ஆர்டர் போடாதீங்க, முதல்ல இத படிங்க. நானும் இதே மாதிரி எஸ்பி ரோட்ல ஒரு கடைல 20 மீட்டர் ஆப்டிகல் வயர் (ஃபைபர்தான்) வாங்குனேன், கேமரா கேனான் 6டி. வீட்டுக்கு வந்து மாட்டுனா சத்தமே இல்ல, கம்ப்யூட்டருக்கு கேமரா இருக்கறதே தெரியல. டிரைவர் மாத்தி, போர்ட் மாத்தி, விண்டோஸே திரும்ப போட்டு ரெண்டு நாள் போச்சு. அப்புறம் ஃப்ரெண்டோட நிக்கான் டி850 கொண்டு வந்து அதே வயர்ல சொருகுனா உடனே வந்துடுச்சு. விஷயம் என்னன்னா 6டி யூஎஸ்பி 2.0, டி850 யூஎஸ்பி 3.0. அந்த வயருக்குள்ள 2.0 போறதுக்கு வழியே கிடையாது, பாக்ஸ்ல ஒரு மூலைல பொடி எழுத்துல போட்டிருக்கான். கடைல திருப்பி எடுக்கல. உங்க டி750ம் 2.0தான். நல்லா பாத்துக்கோங்க.

பித்தளை_வெளிச்சம்:

ஐயோ, நல்லவேளை சொன்னீங்க ப்ரோ, கார்ட்ல போட்டு வச்சிருந்தேன். ஆனா ஒண்ணு புரியல, யூஎஸ்பி 3 போர்ட்ல 2.0 சாமான் எது சொருகுனாலும் வேலை செய்யுதே, வயர் மட்டும் ஏன் செய்யாது? வெளிச்சத்துல போற வயரு, பழசு மெதுவானதுதானே, அது இன்னும் சுலபமா போகணும்ல?

லேசர்_அக்கா:

தம்பி, நான் 14 வருஷமா ஃபேக்டரி கேமரா வேலைதான், பொம்மசந்திரா பக்கம், லைன்ல ஓடற பார்ட்ஸ கேமரா பாத்து தள்ளுற வேலை. இந்த கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சாதா யூஎஸ்பி 3 வயர வெட்டி பாத்தா உள்ள ரெண்டு ரோடு இருக்கும். 3.0க்கு போக ஒரு ஜோடி வர ஒரு ஜோடி தனித்தனியா, அது கூடவே பழைய 2.0க்கு ஒரு ஜோடி. போர்ட்ல பழைய சாமான் வேலை செய்யறது அந்த பழைய ஜோடியாலதான். இப்ப 3.0ல போறதும் வர்றதும் தனின்றதால வெளிச்சமா மாத்தறது சுலபம், இந்த முனைல ஒரு சின்ன லேசர், அந்த முனைல வெளிச்சத்த வாங்கற டயோடு, திரும்ப வர இன்னொரு செட், முடிஞ்சுது. 2.0 அப்படி இல்ல, ஒரே ஜோடில ஒருத்தர் பேசி முடிச்சதும் அடுத்தவர் பேசணும், இப்ப யார் பேசறாங்கன்னு சிப்பு கண்டுபிடிச்சு திசைய மாத்திட்டே இருக்கணும். அந்த செலவு வேண்டாம்னு நிறைய ஆப்டிகல் வயர்ல 2.0 ஜோடியவே விட்டுடறாங்க. அதையும் சேத்து கொண்டு போற வயரும் இருக்கு, ஆனா பாக்ஸ்ல தெளிவா 2.0ன்னு போட்டிருந்தா மட்டும் நம்புங்க.

இன்னொண்ணு, 2.0ல கம்ப்யூட்டர் கேட்டா கேமரா இத்தன மைக்ரோ செகண்டுக்குள்ள பதில் சொல்லணும்னு கெடு இருக்கு. வயர் 5 மீட்டருக்கு மேல கூடாதுன்றது அதனாலதான். ஃபைபர்னா பறக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க. கண்ணாடிக்குள்ள வெளிச்சம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் கிட்டதான் போகும், மீட்டருக்கு 5 நானோ செகண்ட், காப்பர்லயும் ஏறக்குறைய அதே கணக்கு. ஃபைபரோட நன்மை வேகம் இல்ல, தூரத்துல தேயாது, பக்கத்துல வெல்டிங் நடந்தாலும் காந்தம் சுத்துனாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, அதுதான். உங்க பிரச்சனையும் அதுவே.

ஆனா அங்கயும் ஒரு கண்ணி இருக்கு. இந்த ரெடிமேட் ஆப்டிகல் வயர் நிறையத்துல ஃபைபர் கூடவே மெல்லிசா காப்பர் கம்பியும் ஓடும், கேமரா முனைல இருக்கற லேசர் சிப்புக்கு கரன்ட் போகணும்ல. அப்ப ரெண்டு பக்க கிரவுண்டும் அந்த கம்பில சேந்துடும், வெல்டிங் தொல்லை முழுசா விடாது.

நான் உங்க இடத்துல இருந்தா யூஎஸ்பிய நீட்டவே மாட்டேன். கருப்புத்துணிக்கு பின்னாடி கேமரா பக்கத்துலயே ஒரு மினி பிசி, பழைய லேப்டாப் கூட போதும், அதுல இருந்து கேமராவுக்கு 1 மீட்டர் நல்ல வயர். படம் அதுல வந்து விழும். அங்க இருந்து மாடிக்கு நெட்வொர்க், அத ஃபைபர்ல போடுங்க. ரெண்டு முனைலயும் மீடியா கன்வர்ட்டர், நெட்வொர்க் சிக்னல வெளிச்சமாவும் வெளிச்சத்த திரும்ப சிக்னலாவும் மாத்தற சின்ன பெட்டி, வீட்டுக்கு இன்டர்நெட் போட வர்ற பசங்க வச்சிருப்பாங்களே அதேதான். உங்க ரா ஒண்ணு 25, 30 எம்பி வரும், யூஎஸ்பி 2.0ல கேமராவுல இருந்து இறங்கவே ஒரு செகண்ட் ஆகும், ஜிகாபிட் லைன்ல அது கால் செகண்ட்ல ஓடிடும், அதனால நெட்வொர்க்கால தாமதம்னு ஒண்ணும் தெரியாது. எங்க லைன்லயும் கேமராவே ஈதர்நெட்ல (நெட்வொர்க் வயர்ல) பேசறதுதான், 100 மீட்டர் தாண்டுனா ஃபைபர்.

ஹெப்பால்_வானம்:

அக்கா சொன்னது சரி, தூரத்துக்கு கேமரா வயர நீட்டாம நெட்வொர்க்க நீட்டணும். லடாக் ஹன்லேல 4500 மீட்டர் உயரத்துல இருக்கற 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கிய நம்ம ஊர் பக்கத்துல ஹொசகோட்டேல உக்காந்து சாட்டிலைட் லிங்க்ல ஓட்டறாங்க, அதையே நினைச்சுக்கோங்க.

ஆனா ஒரு இடத்துல மட்டும் எனக்கு வேற அபிப்பிராயம். மினி பிசி கீழ வந்துட்டா 30 மீட்டருக்கு ஃபைபர் எதுக்கு? கேட்6 (சாதா காப்பர் நெட்வொர்க் வயர்) 100 மீட்டர் போகும், ஈதர்நெட் போர்ட்டுக்குள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, 1500 வோல்ட் வரைக்கும் ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்கும். யூஎஸ்பி மாதிரி தொட்டாசிணுங்கி இல்ல. கேட்6 முதல்ல போட்டு பாருங்க, செலவு கம்மி.

லேசர்_அக்கா:

சாதாரண ஆபீஸ்னா நானும் கேட்6தான் சொல்வேன். தம்பி, உங்க வயர் எந்த சுவர் ஓரமா போகுது? வெல்டிங்காரங்க சுவரா?

பித்தளை_வெளிச்சம்:

ஆமா அக்கா, அதே சுவர்தான். அந்தப் பக்கம் அவங்க வெல்டிங் கேபிள் தரைல சுருட்டி கெடக்கும்.

லேசர்_அக்கா:

அப்ப ஃபைபர். ரெண்டு மீடியா கன்வர்ட்டரும் ஒரு பேட்ச் கார்டும் (நடுவுல போடற ஃபைபர் வயர்) வச்சுட்டா அப்புறம் அத பத்தி யோசிக்கவே வேண்டாம். சில விஷயம் மட்டும் கவனிங்க. ஒத்தை ஃபைபர்ல ஓடற கன்வர்ட்டர் வாங்குனா ஏ ஒண்ணு பி ஒண்ணு ஜோடியா வாங்கணும், ஒண்ணு 1310 நானோமீட்டர்ல அனுப்பி 1550ல வாங்கும், இன்னொண்ணு அதுக்கு எதிர்மாறா, ரெண்டுமே ஏ வந்துட்டா லிங்க் லைட் எரியாது. மஞ்சள் வயர், சிங்கிள் மோட், ரெண்டு முனையும் கம்பெனிலயே போட்டு வந்தது 40 மீட்டர் வாங்குங்க, மிச்சத்த சாப்பாட்டுத்தட்டு அளவுக்கு வளையமா சுத்தி வைங்க, மடக்கி டேப் ஒட்டாதீங்க. முனைய விரலால தொடாதீங்க. தொட்டுட்டா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போட்டு பஞ்சு பிரியாத துணில ஒரே திசைல துடைங்க. கண்ணு கிட்ட வச்சு வெளிச்சம் வருதான்னு மட்டும் பாக்கவே பாக்காதீங்க, அது கண்ணுக்கு தெரியாத வெளிச்சம், தெரியலன்றதால இல்லன்னு அர்த்தம் இல்ல.

பித்தளை_வெளிச்சம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு வரேன். பழைய லேப்டாப்ப கீழ வச்சு டிஜிகேம்கன்ட்ரோல் போட்டேன், கம்ப்யூட்டர்ல இருந்து கேமராவ ஓட்டற சாஃப்ட்வேர், இலவசம், டி750 உடனே எடுத்துக்கிச்சு. ஃபோல்டர ஷேர் பண்ணி மாடில இருந்து ரிமோட் டெஸ்க்டாப்ல ஷட்டர் அமுக்கறேன். முதல் நாள் லிங்க் லைட் எரியல, அக்கா சொன்ன மாதிரியே கடைல ரெண்டும் ஏ கொடுத்துட்டாங்க, மறுநாள் மாத்திட்டு வந்தேன். அதுக்கப்புறம் அந்த பச்சை லைட் அணையவே இல்ல. நேத்து சுவர் அதிர வெல்டிங், 54 அயிட்டம் எடுத்தேன், ஒரு தடவ கூட கீழ இறங்கல. கடைக்காரரே அண்டா விளிம்புல துணி மடிப்பு விழுதுன்னு ஸ்க்ரீன்ல விரல் வச்சு காமிச்சார், சரி பண்ணி எடுத்தோம்.

பேட்டரி மட்டும் மதியத்துக்குள்ள தீந்துடுது. டம்மி பேட்டரி (பேட்டரி இடத்துல சொருகி ப்ளக்ல இருந்து கரன்ட் எடுக்கறது) யாராவது போட்டிருக்கீங்களா?

கோரமங்களா_கார்த்தி:

நான் போட்டிருக்கேன் ப்ரோ. டி750க்கு இபி-5பி, கூட அடாப்டர். அந்த அடாப்டர வெல்டிங் சுவர்ல இருக்கற ப்ளக்ல மட்டும் சொருகாதீங்க, வேற பாயின்ட்ல இருந்து எடுங்க.