கசிப்பு, தூள், ஐஸ்: வீட்டில் கண்டதும் வாட்டில் கண்டதும்

வேப்பங்குளத்து ஓட்டோக்காரன்

வவுனியா ரவுணின் ஓரத்தில் இருக்கிற எங்கள் பக்கத்தில் முந்தி போதை என்றால் தவறணைக் கள்ளுத்தான். கையில் காசு புழங்கினால் கால் போத்தல் சாராயம். யுத்தம் முடிந்து மீள்குடியேற்றத்துக்குப் பிறகு காட்டுக்கரையில் களவாகக் காய்ச்சுகிற கசிப்பு. இப்போது இரவு ஓட்டம் முடிந்து பின் சீற்றைத் துடைத்தால், மை எடுத்த பேனைக் குழாயும் நடுவில் கறுப்புக் கோடு ஓடின ஈயத்தாளும் கிடக்கின்றன, தூளைச் சுட்டு இழுத்த மிச்சம்.

எங்கள் சொந்தத்துக்குள்ளேயே ஒரு பெடியன் போதையில் அகப்பட்டிருக்கிறான். ஒரு கிழமை அறைக்குள் போட்டுப் பூட்டினால் சரி என்கிறார் தகப்பன். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிட்ட நின்று கண்டவர்கள் எழுதுங்கோ. புத்திமதி வேண்டாம், அது ஊரில் சும்மாவே கிடைக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி

பூட்டுகிற கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வைகாசி மாதம், லான்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில் ஒருவரைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். இரண்டு கையையும் சாரத்தால் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்ததும் நாற்றுப் பிடுங்குகிற மாதிரி போர்வையைப் பிடுங்கத் தொடங்கினார். சுவரெல்லாம் பூரான் ஊருதாம். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, சட்டையைப் பிழிந்தால் வியர்வை ஓடும். கழுத்தில் புதுசாக மந்திரித்த நூல். பேய் பிடித்துவிட்டது என்று முதலில் கோயிலுக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

விசாரித்தால், மனுசன் வருடக்கணக்காகக் காலையில் பல்லுத் தீட்டுமுன் குடிக்கிறவர். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார். வீட்டாரும் சந்தோசத்தில், மனம் மாறுமுன் அறையைப் பூட்டிவிட்டார்கள். எங்களிடம் கொண்டுவந்தது மூன்றாம் நாள்.

நடந்தது இதுதான். மது மூளையை அமுக்கும். தினமும் அமுக்கினால் மூளை அதை எதிர்த்துத் தன்னை முடுக்கி வைத்துப் பழகிவிடும். மது திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை. 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் இந்தப் பூரான், பாம்பு எல்லாம் வரும். வைத்தியம் கிடைக்காவிட்டால் ஆளே போய்விடலாம். வாட்டில் டயசிபாம் மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே தயமின் என்கிற விற்றமின் பி1 ஊசி. குடிக்கிறவர்கள் சோறு சாப்பிடுவதில்லை, பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு.

அந்த மனுசன் தப்பிவிட்டார். தெளிந்ததும் முதல் கேட்டது வயலுக்குத் தண்ணீர் திறந்தாச்சா என்று. சிறுபோகம் அல்லவா.

ஆகவே ஓட்டோத் தம்பி, காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்கிற ஆளை வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்க வேண்டாம். நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.

தூள் வேறு மாதிரி. ஹெரோயினை நிறுத்தினால் முதல் 3 நாள் வயிற்றோட்டம், வாந்தி, எலும்பு முறிகிற உளைச்சல். பார்க்கச் சகிக்காது, ஆனால் அதிலேயே உயிர் போவது அரிது. ஆபத்து பிறகுதான். கொஞ்சக் காலம் விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வந்த கையோடு பழைய அளவை எடுத்து மூச்சு நின்றவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிழமை பூட்டித் திறந்துவிட்டாலும் இதே ஆபத்துத்தான். இதை அந்தத் தகப்பனிடம் கட்டாயம் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்பு அக்கா

மிஸ், ஒரு கேள்வி. என்னுடைய மனுசன் கசிப்பு. குழுக் கடனில் வாங்கின ஆடு இரண்டும் அதிலேயே போச்சு. குடியை வெறுக்க வைக்கிற குளிசை ஒன்று இருக்காம், தெரியாமல் குழம்புக்குள் போட்டுவிடு என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா. பாமசியில் எடுத்துத் தருவாவாம். போடலாமா?

ஓய்வுபெற்ற தாதி

வேண்டாம் பிள்ளை! அவர் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும். இருதய வருத்தமோ ஈரல் பழுதோ இருந்தால் அதோடு முடிந்தும் விடலாம். அந்தக் குளிசை, ஆளுக்குச் சொல்லி, இரத்தம் சோதித்து, அவரே சம்மதித்து எடுக்கிற மருந்து. பக்கத்து வீட்டு அக்காவிடம் குழம்பு மட்டும் வாங்குங்கோ.

பண்டாரிக்குளத்து மேசன்

நான் குடித்து விட்டவன். எப்ப விட்டாய் என்று கேட்டால் நாள் கணக்குச் சொல்ல மாட்டேன். இடையில் விழுந்ததும் உண்டு, எழும்பினதும் உண்டு.

ஆஸ்பத்திரியில் கிடந்தது சின்ன வேலை. திரும்பி வந்த பிறகுதான் பெரிய வேலை. எங்கள் தொழிலில் கொங்கிறீற் போட்டால் போத்தல் வாங்கித் தருவது வீட்டுக்காரன் மரியாதை. வாங்காவிட்டால் ஆள் பெரிய மனுசன் ஆகிட்டார் என்பார்கள். செத்த வீட்டில் பந்தல் போட்டவனுக்கு ஊற்றாமல் விட்டால் செத்தவருக்கே அவமரியாதை என்கிற ஊர் இது. ஊரே கூடி ஊற்றிவிட்டு, அதே ஊர் கூடி “குடிகாரன்” என்றும் சொல்லும்.

எனக்கு உதவியது ஒரு கொந்துறாத்துக்காரர். அவரே பின்னேரம் ஒரு பெக் எடுக்கிறவர். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை வெள்ளி மத்தியானமே மனுசியின் கையில் கொடுத்தார். மாலை ஐந்து மணிக்கு, கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்புகிற நேரம் பாருங்கோ, அப்ப வேண்டுமென்றே எனக்கு ஒரு வேலை வைத்திருப்பார். கலவை மிசினைக் கழுவு, கம்பியை எண்ணு, சீமெந்துப் பக்கற்றை மூடு. ஒரு நாள் எண்ணின கம்பியையே அடுத்த நாளும் எண்ணினேன். ஆறு மணி தாண்டினால் வேட்கை இறங்கிவிடும், வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் அவர் செய்தது.

மாங்குளத்து வாத்தியார்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போட்டுவிடுகிறோம். 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து மெனிக் பாம் முகாமில் இருந்து வந்த தகப்பன், கண்ணை மூடினால் செல் சத்தம் கேட்கிறது, நித்திரைக்காகக் குடிக்கிறேன் என்றால் விளங்குகிறது. அவருடைய மகன் அப்போது கைக்குழந்தை. அவன் ஐஸ் என்கிற மெதம்பெற்றமின் எடுப்பது நித்திரை கொள்வதற்கல்ல, முழித்திருப்பதற்கு. இரவுத் தொழிலுக்குப் போகிறவன், தூர லொறி ஓட்டுகிறவன், சும்மா சந்தியில் நிற்கிறவன், எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். களைப்புத் தெரியாது சேர் என்பதுதான் பொதுவான பதில். தகப்பனும் மகனும் ஒரே கூரைக்குள் எதிரும் புதிருமான இரண்டு போதை. ஒரே மருந்து சொன்னால் எப்படி?

5 கிராம் ஐஸ் பிடிபட்டாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம் என்று 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பயந்தே தாய்மார் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். பாவிக்கிறவனுக்கு வைத்தியம் கொடுக்க 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் என்று வேறொன்று இருக்கிறது, தானாக விரும்பியும் போகலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற தாதி

வாத்தியார் சொன்னது சரி. ஐஸுக்குப் பதிலாகக் கொடுக்க ஒரு குளிசை கிடையாது. விட்டதும் ஆள் நாள்கணக்காக நித்திரை கொள்வான். ஆள் திருந்திட்டான் என்று வீட்டார் நினைப்பார்கள். பிறகுதான் மனம் விழும், எதிலும் பிடிப்பு இராது. சிலருக்கு அம்மா சோற்றில் நஞ்சு வைக்கிறா என்கிற சந்தேகமும் போகாது. அந்த நேரம் தனியே விடக்கூடாது, சண்டைக்கும் நிற்கக்கூடாது. சாகப்போகிறேன் என்று ஒரு சொல் வந்தாலும் உடனே உளநலப் பிரிவு.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926. சபையின் தங்கிச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி என்று தெற்குப் பக்கம் இருக்கின்றன. சிங்களம் தெரியாத பெடியனை அனுப்புவதென்றால் தமிழில் கதைக்கக்கூடிய ஆள் இருக்கிறாரா என்று முதலே கேட்டு வையுங்கோ. மனதில் உள்ளதைச் சொல்லித் தீர்க்கிற வைத்தியம் அது, அரைகுறைப் பாசையில் நடக்காது.

வேப்பங்குளத்து ஓட்டோக்காரன்

தகப்பனிடம் வாசித்துக் காட்டினேன். பூட்டுகிற எண்ணத்தைக் கைவிட்டார், கோபத்தை விடவில்லை. பெடியன் கிளினிக்குக்கு வரச் சம்மதம், ஆனால் அப்பா வரக்கூடாதாம். என்னோடு வருவானாம். மேசன் அண்ணை, உங்கள் கொந்துறாத்துக்காரருக்குக் கையாள் தேவைப்படுமா?

பண்டாரிக்குளத்து மேசன்

கேட்டேன். கிளினிக் நாளில் வேலை வேண்டாம், மற்ற நாளில் ஏழு மணிக்கு வரட்டாம். சம்பளம் தாயின் கையில். கம்பி நிறைய இருக்குதாம்.

புதுக்குடியிருப்பு அக்கா

மிஸ், என்னுடைய ஆளும் வரப்பார்க்கிறார். வெறியில் இருந்தால் திருப்பி அனுப்புவார்களா?

ஓய்வுபெற்ற தாதி

அனுப்பினாலும் அசைய வேண்டாம் பிள்ளை. கை நடுங்குகிறவர், முந்தி வலிப்பு வந்ததா இல்லையா, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதி டொக்டரின் கையில் கொடுங்கோ. ஒரு மாற்றுச் சாரமும் கொண்டுபோங்கோ, அன்றைக்கே வாட்டில் போடக்கூடும்.